கடல் பக்கத்துக் கண்

எனக்குப் பதற்றம் வந்தால் மக்ரூன் தின்பேன். தூத்துக்குடிக்காரனுக்கு இது ஒரு வசதி. என் கடைக்கு மூன்று வாசல் தள்ளி பேக்கரி. நான் படியேறும்போதே அந்த அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்து, நூறு கிராமா கால் கிலோவா என்று முடிவு செய்துவிடுவார். என் மச்சானுக்காக இரண்டு பிளாஸ்டிக் வளையம் செய்யப் போன அந்த வாரத்தில், அவர் கேட்காமலேயே அரைக் கிலோ பொட்டலம் கட்ட ஆரம்பித்தார்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பவர் பார்த்து, லென்ஸ் வெட்டி, ஃப்ரேமில் மாட்டிக் கொடுக்கிற தொழில். கண் காட்ட வருகிறவர் உட்காரும் நாற்காலி வடக்கே பார்த்திருக்கும். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவருக்கு நேர் எதிரே தெற்கே பார்த்து உட்காருவேன். அவருடைய வலது கண் எனக்கு இடது கைப் பக்கம். வாலிபத்திலிருந்து இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து, வலது என்று யாராவது சொன்னால் என் கை தானாக இடது பக்கம் போகும். கடைக்குள் இது தொழில் திறமை. கடையை விட்டு இறங்கினால் கோளாறு. ஆட்டோவில் நான் வழி சொல்ல வாயைத் திறந்தாலே என் மனைவி பின்னாலிருந்து, "அவரு வலதுன்னா நீங்க இடது பக்கம் ஒடிங்க அண்ணாச்சி" என்பாள். டிரைவர்களும் அவள் பேச்சைத்தான் கேட்பார்கள்.

மச்சான் என்பது என் மனைவியின் அண்ணன். அதற்கு முன்னால் என் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுக்காரன். அவன் தங்கையைக் கட்டியதால் எனக்கு மச்சான் ஆனான், நான் அவனுக்கு மாப்பிள்ளை ஆனேன். மற்றபடி ஏலே, வாலே, போலே எதுவும் மாறவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். வானத்தில் பாதி தூரத்தில் தொங்கும் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கு நடுவே கீழே குனிந்து பார்த்து, கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டியைத் தூக்கி லாரி மேல் வைப்பது அவன் வேலை. அந்தக் கூண்டைப் பற்றி அவன் பேசுவதைக் கேட்டால், கொஞ்சம் வாடகை கொடுத்து அங்கேயே குடியேறிவிடுவான் போல இருக்கும்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவன் கடைக்கு வந்தான். கையில் காய்கறிப் பை. பைக்குள் வெங்காயம் இல்லை. கறுப்பாக, நீச்சல் கண்ணாடி வீங்கிப் போன மாதிரி ஒரு பெட்டி, தலையில் கட்டுவதற்குப் பட்டையோடு.

"மாப்ள, இது என்னன்னு தெரியுதா?"

"விஆர் ஹெட்செட். பிள்ளையெல்லாம் விளையாடுமே."

"விளையாட்டுத்தான். பழகிப் பாக்கக் கம்பெனில குடுத்து விட்டிருக்கான். திங்கக்கிழம இதுல நான் தோத்தா என்னக் கூண்டுல இருந்து இறக்கிருவானுவ."

விஷயம் இதுதான். அவன் வேலை செய்யும் கம்பெனி புது கிரேன்கள் கொண்டு வருகிறது. அவற்றில் ஏறுவதற்கு முன்னால் எல்லோரும் இந்தப் பெட்டியை மாட்டிக்கொண்டு, உள்ளே தெரிகிற பொய்க் கிரேனைப் பொய்க் கடலில் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறியவர்களுக்குப் புதுக் கூண்டு. தேறாதவர்களுக்குக் கேட்டில் நின்று லாரி நம்பர் சரிபார்க்கிற வேலை.

"ஓட்டுததுல எனக்கு என்ன பயம்?" என்றான். "ஆனா மூக்குக்கண்ணாடியோட இந்தப் பெட்டி முகத்துல ஏற மாட்டேங்கு. அமுக்கி மாட்டுனா உள்ள இருக்க லென்ஸ்ல கீறல் விழும்னு பயிற்சி குடுக்க வாத்தியாரு சத்தம் போடுதாரு. கண்ணாடியக் கழத்திட்டுப் பாத்தா கப்பலும் தெரியல, கன்டெய்னரும் தெரியல. ஏதோ ரசத்துக்குள்ள முங்குன மாதிரி இருக்கு."

கண்ணுக்குள் ஒட்டுகிற லென்ஸைப் போட்டுக்கொள்ளச் சொன்னாராம் பயிற்சி வாத்தியார். அதை நானும் அவனும் ஏற்கெனவே ஒரு தடவை முயன்றிருக்கிறோம். கண்ணுக்கு நேராக விரல் வந்தவுடன் அவன் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். லென்ஸ் அவன் மீசையில் ஒட்டியது. அந்தப் பேச்சை நாங்கள் எடுப்பதில்லை.

இந்த மாதிரிப் பெட்டிக்குள் பவர் லென்ஸ் மாட்டுவதற்கென்றே வளையங்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். வெளியூருக்கு ஆர்டர் போட்டால் வந்து சேரும், ஆனால் திங்கட்கிழமைக்குள் வராது. அங்கே நான் வாயை மூடியிருக்கலாம்.

"இது ஒரு வேலையா மச்சான்? நானே செஞ்சு தாரேன்."

அவன் பெட்டியை என் மேஜை மேல் வைத்துவிட்டு நிம்மதியாகப் போனான். அவனிடமிருந்த பயம் அப்படியே இடம் மாறி என்னிடம் வந்து உட்கார்ந்தது. நான் பேக்கரிக்குப் போனேன்.

முதல் சந்தேகம், எந்தப் பவரைப் போடுவது? அவனுக்குத் தூரத்துக்கு ஒரு பவர், படிக்க ஒரு பவர். பெட்டிக்குள் திரை மூக்கிலிருந்து இரண்டு விரற்கடை தூரம்தான். அப்படியானால் படிக்கிற பவரா? நானே பெட்டியைத் தலையில் மாட்டிப் பார்த்தேன். எனக்கு வெள்ளெழுத்து மட்டும்தான். தூரப் பார்வை கழுகு மாதிரி. படிக்கிற கண்ணாடி இல்லாமலேயே உள்ளே எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அப்போது புரிந்தது, திரை பக்கத்தில் இருந்தாலும் உள்ளே இருக்கிற லென்ஸ் அதைத் தள்ளிக் கொண்டுபோய் வைக்கிறது, கண்ணுக்கு அது தூரத்துக் காட்சிதான் என்று. ஆகத் தூரப் பவர். இந்தக் கண்டுபிடிப்பில் பெருமைப்படுவதற்குள் குனிந்து பார்த்துவிட்டேன். காலுக்குக் கீழே, ஏழெட்டு மாடி ஆழத்தில், கப்பல். என் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்குள் வந்தபோது, நான் ஃப்ரேம் அலமாரியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னத்துக்கு அலமாரியக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு நிக்கிய?"

"கீழ விழுந்திருவேன்."

"தரையிலதான நிக்கிய."

"அது உனக்கு."

வளையத்தை அச்செடுக்க ஒரு கடை இருந்தது. வீட்டுப் பெயர்ப்பலகையும் கீசெயினும் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுக்கிற கடை. அதை நடத்துகிற அண்ணாச்சியிடம் பெட்டியின் கண்குழியை அளந்து கொடுத்தேன். கம்ப்யூட்டரில் வரைந்து மெஷினில் போட்டார். மெல்லிய பிளாஸ்டிக் நூலை உருக்கி, இடியாப்பம் பிழிகிற மாதிரி, சுற்றிச் சுற்றி அது வளையத்தை எழுப்பியது. நாங்கள் இருவரும் பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ரோஸ் கலர்தான் இருக்கு, பரவால்லயா?" என்றார்.

"போடுறவரு துறைமுகத்துல கிரேன் ஓட்டுதாரு, அண்ணாச்சி."

"அப்ப நல்லா எடுப்பா இருக்கும்."

முதல் ஜோடி இறுக்கம், குழிக்குள் இறங்கவில்லை. இரண்டாவது ஜோடி என் மனைவியின் நகம் தேய்க்கும் அரத்தில் கொஞ்சம் தேய்த்தவுடன் டக்கென்று உட்கார்ந்தது. டப்பா மூடியை அமுக்கின மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே நாலைந்து தடவை கழற்றி மாட்டினேன்.

லென்ஸ் வெட்டுவது என் சொந்த ராஜ்யம். மச்சானுடைய கண்கள் இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இல்லை. வலது கண்ணுக்குக் கனமான மைனஸ் பவர். இடது கண்ணுக்குப் பேருக்கு ஏதோ கொஞ்சம். இரண்டு லென்ஸையும் வட்டமாக வெட்டி, விளிம்பு தேய்த்து, வளையத்தில் பதித்தேன். லென்ஸ் மீட்டரில் வைத்துப் பவர் பார்த்தேன், சரி. மறுபடி பார்த்தேன், சரி. வலது வளையத்தில் ஒரு புள்ளி வைத்தேன். பெட்டியை மேஜை மேல் குழிகள் என்னைப் பார்க்க வைத்து, இரண்டையும் டக், டக். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மாலை மச்சான் வந்தான். பெட்டியை மாட்டினான். தலையை மேலே, கீழே, பக்கவாட்டில் ஆட்டினான்.

"எப்படி இருக்கு?"

"இப்பவும் ரசம்தான். முன்ன பருப்பு ரசம். இது தக்காளி ரசம்."

"நல்லாப் பாருலே."

"பாத்துட்டேன். தல சுத்துது. ஒரு கண்ண மூடுனாலும் மங்கல், மத்தத மூடுனாலும் மங்கல்."

வளையங்களைப் பெட்டியிலிருந்து கழற்றினேன். அவனை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு வளையங்களையும் அவன் கண்களுக்கு நேராக என் கையாலேயே பிடித்தேன். சுவரில் இருந்த எழுத்து அட்டையின் கடைசி வரியைக் கடகடவென்று படித்தான். மூலையில் இருந்த கம்பெனிப் பெயரையும் சேர்த்துப் படித்தான். மறுபடி பெட்டியில் மாட்டிக் கொடுத்தேன். ரசம். கழற்றிக் கையில் பிடித்தேன், தெளிவு. மாட்டினேன், ரசம்.

லென்ஸ் சரி. பெட்டியும் சரி, எனக்கு நன்றாகத் தெரிந்ததே. பெட்டியும் சரி, லென்ஸும் சரி என்றால் மிச்சம் இருப்பது என்ன? என் மச்சானுடைய மூளை. என் மனது எப்போதும் இப்படித்தான். நடுவில் எந்த ஸ்டாப்பிலும் நிற்காத பஸ், நேராகக் கடைசி ஸ்டாப்புக்குப் போய்விடும். பக்கவாதத்தின் ஆரம்பத்தில் பார்வை மங்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அவனைப் பயமுறுத்தக் கூடாது என்று, மிகவும் சாதாரணமாக, தேன் ஒழுகும் குரலில் சொன்னேன்:

"மச்சான், ரெண்டு கையையும் மேல தூக்கு பாப்போம்."

தூக்கினான்.

"இப்ப ஒருக்கா சிரி."

"எதுக்குலே?"

"சும்மா சிரியேன்."

"கண்ணு தெரியலன்னு உக்காந்திருக்கேன், சிரிக்கச் சொல்லுத. ஏலே, உனக்கு என்னமும் ஆயிட்டா?"

அவன் வாய் கோணாமல் என்னைத் திட்டினான். வாய் கோணவில்லை என்பதைக் கவனித்து நான் ஆறுதலடைந்தேன். ஆனாலும் அவன் எழுந்தபோது கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டேன். பேக்கரி அண்ணாச்சி அரைக் கிலோவைக் கட்டி வைத்திருந்தார்.

ஞாயிறு காலை பூசைக்குப் போனோம். மாதாவிடம் பேரம் பேசினேன். முதலில் சாதாரண மெழுகுவர்த்தி என்று ஆரம்பித்தேன். சாமியார் பிரசங்கம் முடிக்கும்போது அது என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. இரண்டு பெஞ்சு முன்னால் மச்சான் முழங்காலில் நின்றான். வழக்கமாக அவன் பிரசங்கத்தின்போது தூங்குவான். அன்றைக்குத் தூங்கவில்லை. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பூசை முடிந்து வெளியே செருப்பைத் தேடும்போது மெதுவாகச் சொன்னான்:

"கேட்டுல நிக்கது ஒன்னும் கேவலம் இல்ல மாப்ள. ஆனா இத்தன வருசம் மேல இருந்து பாத்தாச்சு. கீழ நின்னு என் கிரேன வேற ஒருத்தன் ஓட்டுதத அண்ணாந்து பாக்க என்னால முடியுமான்னு தெரியல."

எனக்கு எப்போதும் வருகிற நக்கல் அன்றைக்கு வரவில்லை. "சாப்பிட வா" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் சீலா மீன் குழம்பும் பொரியலும். சாப்பாட்டு மேஜையில் நானும் மச்சானும் எதிரெதிரே. பெட்டி ஃப்ரிட்ஜ் மேல், ரோஸ் கலர் வளையங்களோடு, எங்களை முறைத்துக்கொண்டிருந்தது. மனைவி அவள் அண்ணன் பக்கத்தில் நின்று பரிமாறினாள்.

"வலது பக்கம் இருக்க சட்டிய அண்ணன் பக்கம் நகத்துங்க" என்றாள்.

நான் இடது பக்கம் இருந்த ரசத்தை நகர்த்தினேன்.

"ஆமா, மனுசனுக்கு ரசம் போதாதுன்னு இது வேறயா" என்று மச்சான் சிரித்தான். மனைவி தானே எட்டிக் குழம்பை எடுத்தாள். "இவரு கூட குடும்பம் நடத்துததுக்கு வலது இடத மறந்துரணும்" என்றாள்.

"நாங்க எப்பவோ மறந்துட்டோம்" என்றான் மச்சான். "கீழ நின்னு சைகை காட்டுதவன் என்னப் பாத்து நிக்கான். அவனுக்கு வலது எனக்கு இடது. ஆரம்பத்துல ஒருத்தன் வலது வலதுன்னு வயர்லெஸ்ல கத்துவான், நான் பெட்டிய எதிர்ப் பக்கம் கொண்டு போவேன். அதனால கப்பல் நிக்க பெர்த்துல இப்ப யாரும் வலது இடதே சொல்லுதது கிடையாது. கடப்பக்கம், கரப்பக்கம். யாரு எங்கன நின்னாலும் கடல் இடம் மாறாதுல்லா."

என் கை சோற்றில் நின்றுவிட்டது.

நாற்காலியில் அவன் வடக்கே பார்த்து உட்காருகிறான், நான் எதிரே. அவன் வலது கண்ணுக்கான வளையம் என் இடது கையில். சரி. அதனால்தான் கையில் பிடித்தால் தெளிவு. ஆனால் பெட்டி என்பது எதிரே உட்காருகிற ஆள் இல்லை. அதன் குழிகள் என்னைப் பார்க்க வைத்தபோது, மாட்டுகிறவன் நிற்கும் இடத்தில் நான்தான் நின்றேன். அங்கே என் வலதுதான் அவன் வலது. நானோ அந்தப் பெட்டிக்கு எதிரே ஒரு வாடிக்கையாளர் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, பழக்க தோஷத்தில், வலது வளையத்தை இடது குழியில் மாட்டியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை. கழற்றிக் கழற்றி ஒவ்வொரு தடவையும், மிகக் கவனமாக, தப்பாக.

எழுந்து ஃப்ரிட்ஜைப் பார்த்து ஓடினேன்.

"கையக் கழுவுங்க" என்று மனைவி குறுக்கே வந்தாள். "மீன் கையோட அதத் தொட்டிய, கம்பெனிக்காரன் மோந்து பாத்தே கண்டுபிடிச்சிருவான்."

கையைக் கழுவினேன். வளையங்களை மாற்றி மாட்டினேன். டக், டக். மச்சான் பாதிச் சாப்பாட்டில், இடது கையால் பெட்டியை வாங்கி முகத்தில் வைத்து அழுத்தினான். தலை மெல்லக் குனிந்தது. கால்களுக்கு நடுவே கீழே பார்த்தான், கூண்டில் பார்க்கிற மாதிரி.

"கப்பல் மேல்தட்டுல ஒரு ஆளு நிக்கான்" என்றான். "மஞ்சத் தொப்பி. லாரி டிரைவரு கதவுல கைய வச்சிருக்கான். கன்டெய்னர்ல நம்பர் தெரியுது."

பிறகு பெட்டியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

"அப்ப நேத்து என்னச் சிரிக்கச் சொன்னது எதுக்குலே?"

சொன்னேன். பக்கவாதம் என்று நினைத்தேன் என்று சொன்னேன். அண்ணனும் தங்கையும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். மீன் குழம்பு ஆறிப்போயிற்று. அந்தச் சிரிப்பில் எனக்கு என்ன மரியாதை மிச்சம் இருந்தது என்று தெரியவில்லை. ஆனால் வயிற்றில் மக்ரூனுக்கு இடமில்லாமல் போனது அன்றைக்குத்தான்.

அன்று சாயங்காலம் முழுக்க அவன் எங்கள் ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலியில், பெட்டியைக் கட்டிக்கொண்டு காற்றில் கையை அசைத்துக் கன்டெய்னர் தூக்கினான். காபி கொண்டு வந்த என் மனைவி அவன் கைக்கு எட்டாமல் சுவரோரமாகச் சுற்றி வந்தாள். "நகரு, பெட்டி வருது" என்றான். அவளும் நிஜமாகவே குனிந்தாள். அவன் பெட்டியைக் கழற்றியதும், வலது வளையத்தின் புள்ளியை நான் அழித்துவிட்டு, பெயின்ட் பேனாவால் அதில் 'கடல்' என்றும் மற்றதில் 'கரை' என்றும் எழுதினேன். என் கடை நாற்காலியில் வடக்கே பார்த்து உட்கார்ந்தால் வலது காதுப் பக்கம் கடல், இடது காதுப் பக்கம் ஊர். நான் எதிரே உட்கார்ந்தாலும், பின்னால் நின்றாலும், அலமாரியைக் கட்டிப்பிடித்துத் தொங்கினாலும் அது அப்படியேதான் இருக்கும்.

திங்கட்கிழமை, முடிந்தவுடன் போன் பண்ணுகிறேன் என்றான். பண்ணவில்லை. மத்தியானமும் பண்ணவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. வளையம் பாதியில் கழன்று விழுந்திருக்கும். கழன்று அவன் கண்ணில் குத்தியிருக்கும். கம்பெனிப் பெட்டியில் கீறல் விழுந்து வாத்தியார் போலீசைக் கூப்பிட்டிருப்பார். பொய்க் கிரேன் பொய்க் கப்பலில் மோதினால் நிஜ வழக்கு போடுவார்களா என்று ஒரு வாடிக்கையாளரிடம் கேட்டேன். அவர் படிக்கிற கண்ணாடி வாங்க வந்தவர், நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

கடை சாத்தப் போகிற நேரத்தில் மச்சான் வந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்காராமல் என் முன்னால் நின்றான்.

"என்ன ஆச்சுலே?"

"ரெண்டு கையையும் மேல தூக்கு" என்றான்.

"மச்சான், விளையாடாத."

"தூக்குலே."

தூக்கினேன்.

"இப்ப ஒருக்கா சிரி."

"எதுக்கு?"

"புதுக் கிரேன்ல அடுத்த வாரம் ஏறுதேன். அதுக்கு."

சிரித்தேன். கோணாமல்தான் சிரித்தேன் என்று அவன் சான்று சொன்னான். பிறகு காய்கறிப் பையை மேஜை மேல் வைத்தான். உள்ளே மறுபடி அந்தக் கறுப்புப் பெட்டி. நான் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தேன்.

"பயப்படாத. எங்க செட்டுல கண்ணாடி போட்டவன் இன்னும் நாலு பேரு இருக்கான், அவனுவளுக்குப் பரீட்ச பொறவுதான். இதே மாதிரி வளையம் வேணுமாம். ரோஸ் கலரே போதும்னு சொல்லிட்டானுவ. யாரும் களவாண்டுட்டுப் போக மாட்டான்லா."

"செஞ்சிரலாம்" என்றேன். வாய் மறுபடியும் முந்திக்கொண்டது.

மாதாவுக்குப் பேசி வைத்த மெழுகுவர்த்தியை மறுநாள் வாங்கினேன். கடைக்காரர் என் இடுப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளேயிருந்து எடுத்து வந்தார். அதைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். மனைவி கூட இல்லை. டிரைவர் முனையில் வண்டியை நிறுத்தி, வலதா இடதா என்று கேட்டார்.

"கடப்பக்கம் விடுங்க" என்றேன்.

ஒரு வார்த்தை கேட்காமல் திருப்பினார்.